சாமுராய் கவசத்த அடையாளம் கண்டுபிடிக்கணும்னா அக்குள்ல பாருங்க

சாமுராய் கவசம் ஒண்ணோட போட்டோவ வாட்ஸப்புல அனுப்பி இது எந்தக் காலத்துது, என்ன டைப்புன்னு யாராச்சும் கேட்டா நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணேதான், வலது அக்குள் தெரியுற மாதிரி ஒரு போட்டோ இருக்கா, முதுகுப் பக்கம் ஒண்ணு இருக்கா, முடிஞ்சா உள்பக்கம் ஒண்ணு. பெரும்பாலும் இருக்காது. எல்லாரும் முன்னாடி நின்னு எடுப்பாங்க, அதுலயும் தலைக்கவசத்துல இருக்குற கொம்பும் அந்தக் கோவமான முகமூடியுந்தான் பளிச்னு விழும். அந்தக் கொம்பு கழட்டி மாட்டுற சாமான். நூறு வருசம் கழிச்சு வந்தவன் கூட வேற ஒண்ணு செஞ்சு சொருகிருக்கலாம். அத வச்சு காலம் சொல்ல முடியாது. உடம்புல போட்டுக்கிட்ட பகுதி எங்க திறக்குது, எங்க கட்டுறாங்க, எடை எங்க போய் உக்காருது, இந்த மூணும் தெரிஞ்சா முக்காவாசி வேல முடிஞ்சுச்சு.

ஏன்னா கவசம் போட்டவன் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தான்ங்குறது அந்த மூணுலதான் இருக்கு. ஜப்பான்ல ஹெயன் காலத்துல (12-ம் நூற்றாண்டு முடிய) வந்து, அதுக்கு அடுத்த காமகுரா காலம் (1333 வரைக்கும்) பூராம் பெரிய ஆளுங்க போட்ட கவசத்துக்குப் பேரு ஓ-யோரோய். அது குதிரை மேல உக்காந்து வில் விடுறவனுக்கு செஞ்சது. உடம்பு முன்பக்கம், இடது பக்கம், முதுகு மூணையும் ஒரே துண்டா சுத்திவரும், வலது பக்கத்துக்கு மட்டும் வாய்தாதேன்னு தனித்துண்டு, அத முதல்ல கட்டிக்கிட்டுதான் மிச்சத்த மாட்டணும். கீழ தொங்குற பாவாடத் தகடு, குசாசூரிம்பாங்க, மொத்தம் நாலு, அகலமா இருக்கும், சேணத்து மேல உக்காந்தா நாலு பக்கமும் தொடைய மூடிரும். எடை 30 கிலோ கிட்ட வரும்னு சொல்றாங்க, அதுல பெரும்பகுதி தோள்லதான் தொங்குது, குதிரையில இருக்கும்போது கொஞ்சம் சேணம் தாங்கும், கீழ இறங்கி நடந்தா தோள்பட்ட கழண்டுரும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அதோட நெஞ்சுப் பகுதி. மத்த இடமெல்லாம் சின்னச் செதில்கள நாடாவுல கோத்த பின்னல் வரிசை வரிசையா தெரியும், நெஞ்சுல மட்டும் சித்திரம் போட்ட தோல் ஒண்ணு மூடிருக்கும், சுருபாஷிரின்னு பேரு. அழகுக்குன்னு நெனச்சுராதீங்க, வில்ல இழுத்து விடும்போது நாண் அந்த செதில்கள்ல சிக்காம வழுக்கிப் போகணும் அதுக்குத்தான். அப்பறம் ரெண்டு அக்குள் முன்னாடியும் ஒவ்வொரு சின்னப் பலகை தொங்கும், ரெண்டும் ஒரே மாதிரி இருக்காது. இடது பக்கம் வில் பிடிக்கிற கை, அது நீட்டினபடியே இருக்கும், அதனால அங்க ஒத்தத் தகடு, வலது கை மடங்கி நிமிரணும், அதனால அங்க மூணு சின்ன வரிசையா மடங்குற மாதிரி பின்னிருப்பாங்க. கைக்கவசம் கூட ஆரம்பத்துல இடது கைக்கு மட்டுந்தான். போட்டோவுல இந்த ரெண்டு பலகையும் ஒரே அச்சா இருந்துச்சுன்னா செஞ்சவனுக்கு வில்லோட சம்பந்தமே இல்லன்னு எடுத்துக்கலாம்.

நடந்து போற சிப்பாய்க்கு இந்த பெட்டி வடிவம் சரிப்படாது. அவனுக்கு தோ-மாரு. உடம்ப ஒரே சுத்தா சுத்தி வலது பக்கத்துல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி முடியும், கீல் கிடையாது, தனித்துண்டு கிடையாது, இடுப்புல லேசா ஒடுங்கும், பாவாடத் தகடு பொதுவா எட்டா பிரிஞ்சிருக்கும் ஏன்னா கால் எட்டி வைக்கணும்ல. 1274லயும் 1281லயும் மங்கோலியர் படை வந்து மோதுச்சு, அதுக்கப்பறம் 14-ம் நூற்றாண்டுல பெரும்பகுதி உள்ளூர் சண்டை, மலைக்கோட்டைச் சண்டை, கீழ இறங்கி வாளும் ஈட்டியுமா நிக்குற சண்டை கூடிப்போச்சு, அதனால பெரிய தலைகளே சிப்பாய் போட்ட தோ-மாருவ எடுத்து அதுக்கு பெரிய தோள்பலகையும் நல்ல தலைக்கவசமும் சேத்துப் போட ஆரம்பிச்சாங்க. இதுக்கு ஒரு சாட்சி கவசத்துலயே இருக்கு. தோள்பலகை இல்லாத காலத்துல சிப்பாய் தோள் மேல இல வடிவத்துல ஒரு சின்னத் தகடு வச்சிருப்பான், பெரிய தோள்பலகை வந்ததும் அந்த இலத்தகடு நெஞ்சுப் பக்கம் எறங்கி தோள்கயித்த மறைக்கிற வேலைக்கு மாறிருச்சு. இதே மாதிரி சுத்தி வந்து, வலது பக்கத்துக்குப் பதிலா முதுகுல திறக்குற கவசத்துக்குப் பேரு ஹராமாகி. முதுகுல ஒரு இடைவெளி விழும், அத மூட தனியா ஒரு பலகை பின்னாடி வந்துச்சு, அதுக்கு கோழைன்னு அர்த்தம் வர்ற பட்டப்பேரும் உண்டு. புறமுதுகு காட்டுறது பத்தி நம்ம ஊருக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்ல.

அடுத்து பின்னல். இந்தக் கவசங்கள் எல்லாமே கொசானேங்குற சின்னச் செதில்ல இருந்து வந்தது. இரும்பு, இல்லாட்டி பச்சத்தோல், ரெண்டையும் மாத்தி மாத்தி வைக்கிறதும் உண்டு, இரும்ப அடி படுற இடத்துக்கும் தோல மத்த இடத்துக்கும் வச்சு எடைய கொறப்பாங்க. ஒரு செதிலுக்கு வழக்கமா 13 ஓட்டை, ரெண்டு வரிசையா. ஒரு செதில் அடுத்த செதில பாதி மூடும், அதனால எந்த இடத்துல அடிச்சாலும் ரெண்டு அடுக்கு இருக்கும். கீழ இருக்குற ஓட்டைகள்ல தோல்வார விட்டு வரிசையா கட்டி, அந்த வரிசை பூரா அரக்கு (உருஷிங்குற மரத்தோட பால்) பூசினா அது ஒரே பட்டையா இறுகிரும். அப்பறம் மேல இருக்குற ஓட்டைகள்ல பட்டு நாடாவ விட்டு ஒரு வரிசைய இன்னொரு வரிசையோட தொங்க விடுறது, அதுதான் ஓதோஷி. நாடா இடைவெளியே இல்லாம நெருக்கமா போனா கெபிகி, ரெண்டு ரெண்டா சேத்து தள்ளித் தள்ளி போனா சுகாகே.

கெபிகி பாக்க எவ்ளோ அழகோ போட்டுக்கிட்டு சண்டைக்குப் போறவனுக்கு அவ்ளோ தொல்லை. 1800ல சகாகிபாரா கோஸான்னு ஒருத்தர் கவசம் செய்யுற முறைகள பத்தி எழுதி வச்சிருக்கார், அதுல இத புட்டுப் புட்டு வைக்கிறார், தண்ணி குடிச்சா கனம் ஏறும், வெரசா காயாது, குளிர்காலத்துல உறைஞ்சிரும், சேறு உள்ள போனா எத்தன தடவ அலசினாலும் போகாது, நாள்பட்ட படையெடுப்புல நாறும், எறும்பும் பேனும் ஏறும், அதோட ஈட்டி குத்து வழுக்கிப் போறதுக்குப் பதிலா அந்த நாடாவுல சிக்கி நின்னுரும்னு. இத படிச்ச அன்னைக்குத்தான் கவசம்ங்குறது ஒரு ஆள் வேர்த்து விறுவிறுத்து மாசக்கணக்கா போட்டுக் கெடந்த உடுப்புன்னு எனக்கு உறைச்சது.

16-ம் நூற்றாண்டுல சண்டை பெருசாச்சு, ஆயிரக்கணக்குல ஆளுங்களுக்கு கவசம் வேணும், 1543ல தானேகஷிமா தீவுல போர்ச்சுகீசியர் துப்பாக்கி வேற வந்து சேந்துச்சு. ஒவ்வொரு செதிலா கட்ட யாருக்கு நேரம் இருக்கு, செதில் வரிசைக்குப் பதிலா முழு நீளத் தகடு வந்துச்சு, அதுதான் தோசெய் குசோகு. பட்டைகள ஆணி அடிச்சு சேத்தது ஒகேகவா தோ (தோன்னா உடம்புப் பகுதி), மேல வழவழன்னு ஒட்டு தெரியாம இருந்தா ஹோடோகே தோ, அஞ்சு கனத்த தகடு கீல்ல சேந்தா யுகினோஷிதா தோ, சென்டாய்ல பிரபுவா இருந்த தாதே மசாமுனேவோட படைக்கு இதுதான், அவரோட கருப்பு கவசம் இன்னைக்கும் சென்டாய் நகர மியூசியத்துல இருக்கு. ஐரோப்பாக் கவசத்தோட மார்புத்தகட அப்டியே எடுத்தோ பாத்து அடிச்சோ செஞ்சது நன்பன் தோ, நடு நெஞ்சுல ஒரு மேடு மேல இருந்து கீழ ஓடும், அடி கூர்மையா முடியும், அத பாத்தாலே தெரிஞ்சிரும். பின்னாடி ஷோகன் ஆன தோகுகாவா இயேயாசு தன்னோட தளபதி சகாகிபாரா யாசுமாசாவுக்கு குடுத்ததா சொல்ற ஒண்ணு டோக்கியோ தேசிய மியூசியத்துல இருக்கு. இந்தக் காலத்துக் கவசத்துல இன்னொரு முக்கியமான மாத்தம், எடை தோள்ல இருந்து இடுப்புக்கு எறங்குது, இடுப்புல ஒடுக்கி கச்சை கட்டி எலும்பு மேல உக்கார வச்சிட்டாங்க. சிவப்பா இருக்குற எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க, பழைய ஓ-யோரோய்ல சிவப்புன்னா நாடா சிவப்பு, ஹிகோனேங்குற ஊர்ல இருந்த ‘ஈ’ (Ii)ங்குற பிரபுக் குடும்பத்தோட படைக்கவசத்துல சிவப்புன்னா தகட்டு மேல அரக்கே சிவப்பு.

இதுவரைக்கும் லேசுதான். கஷ்டம் வர்றது எடோ காலத்துல (1603-1868). 1615க்கு அப்பறம் பெரிய போர் இல்ல, ஆனா ஒவ்வொரு பிரபுவுக்கும் கவசம் வேணும், மரியாதை, ஊர்வலம், குடும்பப் பெருமை. 18-ம் நூற்றாண்டுல பழசு மேல ஒரு மோகம் வந்து ஓ-யோரோய் மாதிரியே திரும்பச் செஞ்சாங்க. கொலு வச்ச மாதிரி அம்புட்டு அழகா இருக்கும், பெரிய தோள்பலகை, முதுகுல சிவப்புக் குஞ்சம், நெருக்கமான கெபிகி பின்னல், பாக்குறவன் 12-ம் நூற்றாண்டுன்னு சத்தியம் பண்ணிருவான். அங்கதான் அக்குளும் உள்பக்கமும் வேணும். இடது பக்கம் கீல் இருந்துச்சுன்னா அது ரெண்டு துண்டுத் தகடு, பழைய சுத்துக்கவசம் இல்ல. உள்பக்கம் திருப்பினா செதிலோட ஒட்டு வரிசை தெரியணும், அங்க ஒரே மட்டமா தகடு இருந்து வெளிய மட்டும் செதில் மாதிரி மேடு பள்ளம் இருந்தா அது கிரித்சுகே, தகட்டோட மேல் விளிம்ப வெட்டிவிட்டு அரக்க கனமா ஏத்தி செதில் தோற்றம் குடுத்தது. இத போலின்னு திட்ட நான் வரல, அதுவும் ஒரு காலத்துக் கைவேலதான், என்ன காலம்னு சரியாச் சொன்னாப் போதும்.

தப்பா பேர் வைக்கிறது நம்மள மாதிரி ஆளுங்க மட்டும் செய்யுறதும் இல்ல. 1613ல ஜப்பானோட ராணுவ ஆட்சியாளரான ஷோகன் ஹிதேதாதா இங்கிலாந்து ராஜா முதலாம் ஜேம்ஸுக்கு கவசம் அனுப்புனார், ஜான் சாரிஸ்ங்குற கப்பல் தலைவன் கொண்டுபோனான், செஞ்ச கலைஞர் இவாய் யோசாயெமோன். லண்டன் டவர்ல வச்சாங்க, கொஞ்ச காலத்துலயே எங்கருந்து வந்துச்சுன்னு மறந்து மொகலாயப் பேரரசர் அனுப்பின கவசம்னு பதிவேட்டுல எழுதிட்டாங்க. மொகலாயர் கவசத்துல இரும்பு வளையங்கள கோத்த வலையும் இரும்புத் தகடுந்தான் முக்கியம், இதுல பட்டு நாடாவும் அரக்கும், பக்கத்துல வச்சுப் பாத்திருந்தா ஒரு நிமிசத்துல தெரிஞ்சிருக்கும்.

இத இவ்ளோ நீட்டி எழுதுறதுக்குக் காரணம் நான் இப்ப ஒரு தோ-மாருவ செய்யுறேன், 15-ம் நூற்றாண்டுப் பாணியில, மதுரை செல்லூர் வீட்டு மாடியில. இணையத்துல விக்கிற ரெடிமேட் செட்டுங்க பெரும்பாலும் தோசெய் உடம்பு, ஓ-யோரோய் தோள், எந்தக் காலத்துலயும் இல்லாத ஒரு தலைக்கவசம்னு மூணையும் கலந்து வருது, எனக்கு அது வேணாம். ஒரே காலம், ஒரே வேல செஞ்ச ஒரு ஆளு, அவன் உடம்புல என்ன இருந்திருக்குமோ அதுதான் வேணும்.

கணக்கு பாத்தா தலை சுத்தும். செதில் 2 செ.மீ. அகலம்னா பாதி மூடினது போக 1 செ.மீ. தான் முன்ன நகரும், 20 செ.மீ. அகலப் பாவாடத் தகட்டுல ஒரு வரிசைக்கு 20 செதில், அஞ்சு வரிசைக்கு 100, எட்டுத் தகட்டுக்கு 800, ஒண்ணுக்கு 13 ஓட்டைன்னா இடுப்புக்குக் கீழ மட்டும் 10,400 ஓட்டை. அதனாலதான் சொல்றேன், பழைய ஆளுங்க ஏன் தகட்டுக்கு மாறுனாங்கன்னு ஒரு வரிசைய கட்டி முடிச்சவனுக்கு யாரும் விளக்க வேண்டாம்.

தோலுக்கு முதல்ல திண்டுக்கல் போனேன், அங்க தோல் ஷாப்புங்களுக்கு பஞ்சமில்ல, ஆனா கிடைக்கிறது பதனிட்ட தோல். தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் தோல் போடுற அண்ணன் ஒருத்தர்ட்ட செதில் மாதிரிய காட்டி கேட்டேன். கையில வாங்கி வளைச்சுப் பாத்துட்டு, "தம்பி, பதனிட்டத எடுத்தீங்கன்னா நாளப்பின்ன தொய்ஞ்சிரும். பச்சத்தோல ஊறவச்சு சொரண்டி இழுத்துக் கட்டி காயவைங்க, பலகையாட்டம் நிக்கும். ஆனா ஈரம் பட்டா மறுபடி எளகிரும், அதுக்கு ஒரு வழி பாத்துக்கங்க"ன்னாரு. ஜப்பான்ல இதத்தான் செஞ்சாங்க, பச்சத்தோல அடிச்சு இறுக்கி காயவச்சு அவர் சொன்ன அந்த ஈரத்துக்கு அரக்கு. செதில அவரோட வெட்டுளி வச்சுதான் வெட்டுறேன், ஓட்டைய ஈரம் முழுசா காயறதுக்கு முன்னாடி குத்தணும்னும் அவர்தான் சொல்லிக் குடுத்தாரு.

அரக்குன்னு நான் சொல்றது உருஷி மரத்தோட பால். அது வெயில்ல காயுற பெயிண்ட் இல்ல, காத்துல ஈரப்பதம் 70, 80 சதவீதம் இருந்தாத்தான் இறுகும், மதுரை சித்திரை வெயிலுக்கு அது ஒத்துவராது, ஐப்பசி கார்த்திகை அடைமழையில பண்ணலாம். அசல் உருஷி வாங்குற வெலையும் எனக்கு கட்டாது. ஜப்பான்லயே பதிலுக்கு முந்திரிக் கொட்டை ஓட்டு எண்ணெயில செஞ்ச ஒரு பூச்சு பல வருசமா புழக்கத்துல இருக்கு, ஏன்னா உருஷி மரமும் முந்திரியும் ஒரே குடும்பம், ரெண்டோட பாலும் ரசாயனத்துல கிட்டத்தட்ட ஒரே ஜாதி. நம்ம மாமரமும் அந்தக் குடும்பந்தான், சலவைக்காரங்க துணியில குறி போடுற சேராங்கொட்டையும் அதே குடும்பந்தான், சேராங்கொட்டைப் பால் பட்டு தோல் வெந்தவங்க உருஷிக்கு ஏன் கையுறை போடுறாங்கன்னு உடனே புரிஞ்சுக்குவாங்க. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற இடத்துல இருந்து ஓட்டு எண்ணெய் வரவழைச்சிருக்கேன். வீட்டுல பண்றவங்க முழுக்கை சட்டை, கையுறை இல்லாம தொடவே தொடாதீங்க.

இப்ப என் மனசு பூராம் இருக்குறது நாடாவுல. பட்டு நூல் நிலையூர் கைத்தறி நகர்ல ஒரு நெசவாளர் வீட்டுல வாங்குனேன். பழைய காலத்துல நாடாவ விரல்ல நூல் வளையங்கள மாட்டி மாத்தி மாத்தி கோத்துப் பின்னியிருக்காங்க, ஸ்டாண்டு வச்சுப் பின்னுறதெல்லாம் பின்னாடி பரவுனது. கடையில விக்கிற பாலியெஸ்டர் நாடா ஏன் கூடாதுன்னு விளக்குத்தூண்ல நாடாக்கடைக்காரரே கேட்டாரு, மீட்டர் சல்லிசா தர்றேனேன்னாரு. பட்டு நாடா செதில் ஓட்டையில திரும்பும்போது படிஞ்சு உக்காருது, பாலியெஸ்டர் துருத்திக்கிட்டு நிக்குது, வரிசை நேரா தொங்காது.

சாயம் இன்னும் முக்கியம். டோக்கியோவுக்கு மேற்க முசாஷி மிதாகே கோயில்ல சிவப்பு நாடா பின்னின ஓ-யோரோய் ஒண்ணு இருக்கு, ஹதாகேயாமா ஷிகேதாதா 1191ல காணிக்கை வச்சதா சொல்லுவாங்க, தேசியப் பொக்கிஷம். மெய்ஜி காலத்துல (1868-1912) பழுது பாக்கும்போது அந்து போன இடத்துல அப்போதைய புதுசான ரசாயனச் சாயம் போட்ட நாடாவ வச்சுப் பின்னிட்டாங்க. அந்தப் புது நாடா இப்ப வெளுத்து ரோஸ் கலர் ஆயிப்போச்சு, எண்ணூறு வருசத்துக்கு முந்தின பழைய நாடா இன்னும் சிவப்பாவே இருக்கு. பழசுல போட்டது அகானேங்குற கொடியோட வேர்ச்சாயம். இந்த விசயம் எனக்கு தெரிஞ்ச நாள்ல இருந்து கடைச் சாயம் வாங்க மனசு வரல.

அகானேவோட பேரினத்துல நம்மூர்ல இருக்குறது மஞ்சிட்டி, எந்த நாட்டுமருந்துக் கடையிலயும் கிடைக்கும். நம்ம பழைய சிவப்புன்னா சாயவேர், ராமேஸ்வரம் பக்கத்து மணல்ல தோண்டி எடுத்தது, அதுவும் அதே குடும்பம். சுங்குடிக்கும் ஒரு காலத்துல செடிச்சாயந்தான். ஆசைக்கு சாயவேர் போடலாம், ஆனா அதுல சிவப்பு குடுக்குற சாயப்பொருள் அலிசரின், அகானேவோட சிவப்புல முக்கியமானது பர்ப்யூரின்ங்குற வேற பொருள், மஞ்சிட்டியிலயும் அதுதான், அதனால ஜப்பான் சாயலுக்கு மஞ்சிட்டியே கிட்ட வரும். பட்டோட பசைய எடுத்து, படிகாரத் தண்ணியில ஊறவச்சு, மஞ்சிட்டிப் பொடிய கொதிக்க விடாம வெதுவெதுப்புக்கு மேல வச்சு முக்கி முக்கி எடுக்கணும், தளதளன்னு கொதிச்சா பழுப்பு ஏறிரும். ஜப்பான்ல படிகாரத்துக்குப் பதிலா சுபாகிங்குற கமேலியா மரத்துச் சாம்பல போட்டாங்க, அந்தச் சாம்பல்லயும் அலுமினியம் இருக்கு, வேல ஒண்ணுதான். ஒரே முக்குல சிவப்பு வராது, திரும்பத் திரும்ப முக்கி காயவைக்கணும், இப்ப என் கொடியில தொங்குறது அரைச் சிவப்பு.

கைக்கவசத்துக்கு துணிச்சட்டை தனியா வேணும், அது மேலதான் வலையும் சின்னத் தகடும் தச்சு வைப்பாங்க. அதுக்கு குன்னத்தூர் சத்திரத்துல ஒரு தையக்கார அண்ணன்ட்ட போனேன், முன்ன புதுமண்டபத்துல மிஷின் போட்டிருந்தவரு, சித்திரைத் திருவிழாவுக்கு கருப்பசாமி வேசத்துக்கு சல்லடமும் உருமாலும் தைக்கிறவரு. படத்த பாத்துட்டு "இது என்ன சாமிக்குத் தம்பி"ன்னு கேட்டாரு. ஜப்பான் சிப்பாய்க்குண்ணேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "கைய மடக்குனா இங்க இழுக்கும், முழங்கைல ஒரு துண்டு கூடப் போடணும், உள்ள காடாத்துணி குடுத்தாத்தான் வேர்வையில ஒட்டாது"ன்னாரு. நான் பாத்த பழைய கைக்கவசங்கள்லயும் உள்ள சணல்துணி லைனிங்தான். அவர்ட்ட அளவு மட்டும் குடுத்துட்டு வெட்டுற விதத்த அவர்ட்டயே விட்டுட்டேன்.

ஆக இப்ப நிலவரம், பாவாடத் தகட்டுல முதல் துண்டு கட்டி பூச்சுக்குக் காத்திருக்கு, நெஞ்சுக்கு செதில் வெட்டிக்கிட்டு இருக்கேன், நாடாவுல பாதி சாயம் ஏறிக்கிட்டு இருக்கு. பூச்ச மழை ஆரம்பிச்சதும் போடுவேன். அடி வரிசையில பெரும்பாலான பழைய கவசத்துல பெருக்கல் குறி மாதிரி சிவப்புத் தையல் ரெண்டு வரிசை வரும், ஹிஷிநுயி, அந்தத் தையலுக்கு மட்டும் நாடாவோட சிவப்புல இருந்து கொஞ்சம் விலகின சிவப்பு வேணும்னு தோணுது, அதுக்கு சாயவேர் போட்டுப் பாக்க ஆச. ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கம் யார் வீட்டுலயாச்சும் சாயவேர் இன்னும் தோண்டி எடுக்குறாங்க, இல்ல பழைய சாயப்பட்டறைக்காரங்க யாரையாச்சும் தெரியும்னா சொல்லுங்க, ஞாயித்துக்கிழம பாத்து பைக்க எடுத்துட்டு வந்துருவேன்.